மரத்தில் பாய்மரக் கப்பல் மாதிரி செய்யத் தொடங்குபவருக்கு

பாறசாலையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் தந்தை வீட்டு வேலை செய்யும் ஆசாரி. உளியும் இழைப்புளியும் பழைய தேக்குத் துண்டுகளும் வீட்டிலேயே இருக்கின்றன என்றும், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி போர்க்கப்பலை மரத்தில் மாதிரியாகச் செய்ய ஆசைப்படுவதாகவும் அவர் எழுதியிருக்கிறார். உறுப்புகளைத் தயாராகத் தொகுத்து வெளிநாட்டிலிருந்து வரும் கிட் ஒன்றை வாங்குவதா, சொந்தமாக மரம் அறுத்துச் செய்வதா என்பது அவருடைய முதல் கேள்வி. வீட்டிலிருக்கும் தேக்கு இதற்கு உதவுமா என்பது இரண்டாவது. இந்த வேலையில் எந்தப் பகுதிக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்குமான விடை மூன்றாவதைச் சார்ந்திருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் இருந்துகொண்டு இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டு மாதிரிகளை முடித்திருக்கிறேன்; அவற்றில் மூன்றைத்தான் வீட்டுக்கு வருபவர்களின் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். மற்ற ஐந்தும் கெட்டுப்போனது கயிற்றிலோ பீரங்கியிலோ அல்ல. பலகை ஒட்டுவதற்கு முன்பே, எலும்புக்கூட்டின் விளிம்புகளைச் சரியாகச் சீவி ஒழுங்குபடுத்தாமல் விட்ட இடத்திலேயே அவற்றில் பெரும்பாலானவை கெட்டுவிட்டன. கப்பல் மாதிரி என்றதும் எல்லோரும் அஞ்சுவது பாய்மரங்களைச் சுற்றியுள்ள கயிற்றுக் காட்டைக் கண்டுதான். ஆனால் கயிறு தவறினால் அறுத்துவிட்டு மறுபடி கட்டலாம். உடற்பகுதியின் வளைவு தவறினால், அதன்மேல் எத்தனை நுணுக்கமாக வேலை செய்தாலும், பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் ஏதோ கோணலாக இருப்பது தெரிந்துவிடும்.

ஏரா எனப்படும் அடிக்கட்டையை நெடுக நிறுத்தி, அதன்மேல் குறுக்குத் தட்டுகளைச் செங்குத்தாகப் பொருத்தி, அத்தட்டுகளின் விளிம்பில் மெல்லிய பலகைகளை ஒட்டிச் செல்வதே பெரும்பாலான கிட்டுகளின் முறை. கப்பலின் நடுப்பகுதியில் பலகை ஏறக்குறைய ஏராவுக்கு இணையாக ஓடுவதால் அங்குள்ள தட்டுகளின் விளிம்பு சதுரமாக இருந்தாலும் பாதகமில்லை. முன்பகுதியான அணியத்தை நெருங்க நெருங்கப் பலகை உள்நோக்கி வளைவதால், முன்னால் உள்ள தட்டுகளின் விளிம்பைச் சரிவாகச் சீவினால்தான் பலகை முழு விளிம்பிலும் படியும். இல்லாவிட்டால் ஒரு கூர்முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மலையாளக் கரையில் அமரம் என்று சொல்லும் பின்பகுதியிலும் இதே நிலைதான். எவ்வளவு சீவுவது என்பதைக் கணக்கு சொல்லாது, ரீப்பர் என்னும் மெல்லிய மரக்கீற்றுதான் சொல்லும். இரண்டு மில்லிமீட்டர் கனமும் ஐந்து மில்லிமீட்டர் அகலமும் உள்ள, முடிச்சில்லாத ஒரு ரீப்பரை எடுத்து, குறைந்தது நான்கு தட்டுகளின் மேல் படும்படி விரலால் இலேசாக அழுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு தட்டைத் தொடாமல் அது தாண்டிப் போனால் அந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது, மெல்லிய மரச்சீவலை ஒட்டி உயர்த்த வேண்டும். ஒரு தட்டின்மேல் ஏறி முறிவதுபோல் வளைந்தால் அந்தத் தட்டு உயர்ந்திருக்கிறது, சீவ வேண்டும். மேலிருந்து கீழாக ஐந்தாறு உயரங்களில், இருபக்கமும், இதையே செய்ய வேண்டும். விளிம்புகளில் வண்ணச் சாக்குக் கட்டியைத் தேய்த்துவிட்டு ரீப்பரை வைத்து நகர்த்தினால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது ஐயமில்லாமல் தெரியும்.

சீவுவதற்கு உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்கக் கூடாது. விரல் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக உருட்டிவிடும். ஓரடி நீளமுள்ள, சற்றே வளையக்கூடிய மரச்சட்டத்தில் 120 எண் தாளை ஒட்டி, மூன்று தட்டுகளின் மேல் ஒரே நேரத்தில் படும்படி தேய்த்தால் மேடு தானாகவே கரையும். அணியத்தில் முதல் இரண்டு மூன்று தட்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மென்மரக் கட்டைகளால் நிரப்பிவிட்டுச் சேர்த்துச் சீவுவது நல்லது. பலகை கடுமையாக வளையும் இடம் அதுவே, அங்கே ஒட்டுவதற்கு எவ்வளவு பரப்பு கிடைக்கிறதோ அவ்வளவு நன்மை. ஒரு முழப் படகுக்கு இந்த வேலை மட்டும் எனக்கு இப்போதும் இரண்டு வாரம் பிடிக்கிறது. உங்கள் தந்தை தாழ்வாரத்தின் கூரையைத் தாங்கும் கழுக்கோல்களை நூல் பிடித்து ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். வேலையின் தன்மை அதுவேதான்; நேரான நூலுக்குப் பதிலாக வளைந்த ரீப்பர் என்பதே வேறுபாடு. ஆகவே நீங்கள் நினைப்பதைவிடப் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

அடுத்தது பலகை. புதிதாகத் தொடங்குபவர்கள் பலகையின் அகலத்தை மாற்றாமல் மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அணியத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளத் திகைத்து நிற்பார்கள். உடற்பகுதியின் சுற்றளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதே காரணம். ஒரு காகிதக் கீற்றால் ஒவ்வொரு தட்டிலும் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரையுள்ள தூரத்தை அளந்து, பலகை வரிசைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நடுத்தட்டில் 75 மில்லிமீட்டர் என்றால், பத்து வரிசைக்கு ஒரு பலகை 7.5 மில்லிமீட்டர் அகலம். அதே பத்து வரிசையும் அணியத்தில் 48 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் அங்கே 4.8 ஆகக் குறுக வேண்டும். பலகையின் அகலம் பாதிக்கும் கீழே போகாத வரை இப்படிக் குறுக்கிக்கொண்டே போகலாம். பாதிக்கும் கீழே போவதாக இருந்தால் இரண்டு வரிசைகளை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். பின்பகுதியில் நடுவைவிடச் சுற்றளவு கூடினால் இடையில் ஓர் ஆப்புப் பலகையைச் செருக வேண்டும். மெய்யான கப்பல் கட்டியவர்களும் இதையே செய்தார்கள் என்பதால் இது கௌரவக் குறைவல்ல.

பலகையை அதன் அகலவாக்கில் வளைக்க முயலாதீர்கள். தட்டையான பக்கம் வளையும், விளிம்பு வளையாது. வலிந்து வளைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். விளிம்பில் வளைவு வேண்டுமென்றால் அகலமான மரத்தகட்டிலிருந்து அந்த வளைவை வெட்டி எடுக்க வேண்டும். தட்டையாக வளைப்பதற்கும் பலர் பலகையை மணிக்கணக்கில் நீரில் ஊறவைக்கிறார்கள். மரத்தை இளக்குவதில் பெரும்பங்கு வெப்பத்துக்குத்தான். மேற்பரப்பைச் சற்று நனைத்து, சூடான சால்டரிங் அயர்னின் தண்டின்மேல் மெல்ல இழுத்து வளைத்தால் போதும். ஊறிய பலகை அகலத்தில் பருத்திருக்கும். அதை அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி காட்டும். நம் பக்கத்தில் இது இரட்டிப்பாகத் தொல்லை தரும், ஏனென்றால் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் இங்கே பெய்கின்றன. அடைமழை நாளில் ஒட்டிய பலகைக்கு மாசி வெயிலில் கோடு விழும்.

இருபக்கமும் மாறி மாறி ஒட்ட வேண்டும், இடது ஒன்று, வலது ஒன்று. என் முதல் மாதிரியில் இதை அறியாமல் ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தேன். பசை காய்ந்து இழுத்த இழுப்பில் ஏரா ஏத்தன் வாழைக்காய்போல் வளைந்துவிட்டது. அது இன்றும் பரணில் கிடக்கிறது.

இனி மரத்துக்கு வருகிறேன். பழைய தேக்கை வீணாக்க மனம் வராது என்பது புரிகிறது. அதுவும் கப்பலுக்குத் தேக்கு என்றால் வரலாறே சாட்சி: 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்துத் தலைமைக் கட்டுநரான ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி மேற்பார்வையில் மலபார்த் தேக்கில் கட்டி இறக்கிய திருக்கோணமலை என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. (அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பலை 1812-இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று வீழ்த்தியதால், மறுபடியும் ஒரு படியெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.) ஆனால் மெய்க் கப்பலுக்குச் சிறந்த மரம் மாதிரிக்குச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. தேக்கின் துளைகள் பெரியவை. 1/48 அளவில் அரை மில்லிமீட்டர்த் துளை என்பது மெய்க் கப்பலின் பலகையில் விரல் நுழையும் ஓட்டையாகிவிடும். மேலும் தேக்கிலுள்ள மணற்சத்து கூர்மையை விரைவில் மழுக்கும். அதன் எண்ணெய்த் தன்மையால் பசையும் சரியாகப் பிடிக்காது. உங்கள் தேக்கைத் தாங்கு பீடத்துக்கும் கண்ணாடிப் பெட்டியின் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அழகாக இருக்கும்.

ஐரோப்பியர்கள் இந்த வேலைக்குப் பாக்ஸ்வுட்டையும் பேரி மரத்தையும் நாடுவது அவற்றின் ரேகை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருக்கமானது என்பதால்தான். அந்த இடத்தை நிரப்ப நம் பக்கத்தில் இரண்டு மரங்கள் உண்டு. ஒன்று வெட்பாலை. மலையாளத்தில் தந்தப்பாலை என்கிறார்கள். பெயரிலுள்ள தந்தம் பொருத்தமானது, வெட்டியெடுத்து இழைத்தால் யானைத் தந்தத்தின் நிறமும் வழவழப்பும் வரும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மைகளுக்குப் பயன்படுவதும் இதே மரம்தான். மேல்தளப் பலகைக்கும் செதுக்கு வேலைக்கும் இதைவிடச் சிறந்ததை நான் கையாண்டதில்லை. மற்றொன்று மஞ்சக்கடம்பு. சீரான மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை, உளிக்கு எந்தத் திசையிலும் ஓரளவு இணங்கும் குணம் ஆகியவற்றால் வெளிப்பலகைக்கு ஏற்றது. இருண்ட பட்டைகளுக்கு ஈட்டி மரத்தின் துண்டு துணுக்குகள் போதும், அறைகலன் பட்டறைகளில் கேட்டால் கிடைக்கும். மலையாளத்தார் ஆஞ்சிலி என்னும் அயினி, சுண்டன் வள்ளம் என்னும் பாம்புப் படகுகளுக்கே உரிய மரம் என்றாலும் அதன் ரேகையும் மாதிரிக்குப் பருமனானது; உள்ளே மறையும் கட்டைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் மரம் மார்த்தாண்டம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் இறங்கிவிடாதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தைத் துளைப்பான் வண்டு விடுவதில்லை. இரண்டாம் ஆண்டில் மேசைமேல் மாவு உதிரத் தொடங்கும். எந்த மரமானாலும் கீற்றாக அறுத்ததும் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்து உலர்த்துவது பாதுகாப்பு.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. 10 மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடுகளாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் ஓர் ஆண்டு விட்டுவிடுங்கள். இரண்டு பருவமழையையும் ஒரு கோடையையும் பார்த்த மரம் அதன்பின் அதிகம் அசையாது. நீங்கள் விரும்பும் விக்டரியே இதற்கு எடுத்துக்காட்டு. 1759-இல் ஏரா இட்டு 1765-இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பலின் எலும்புக்கூடு, ஏழாண்டுப் போர் முடிந்து அவசரம் தணிந்ததால், பலகை அடிக்காமல் வழக்கத்தைவிட நெடுங்காலம் உலர விடப்பட்டது. அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

கிட் வாங்குவதா என்ற கேள்விக்கு என் விடை, முதல் மாதிரிக்கு வேண்டாம் என்பதே. கிட்டில் குறுக்குத் தட்டுகள் லேசரில் வெட்டி வரும் என்பது பெரிய உதவிதான். தச்சுவேலையே அறியாதவருக்கு நான் வேறுவிதமாகச் சொல்வேன். ஆனால் அதிலுள்ள பலகைக் கீற்றுகள் பலமுறை துளை பெரிதான மலிவு மரமாக இருக்கும், விலையோடு சுங்கவரியும் சேரும். வீட்டில் ஆசாரி இருக்கும்போது அந்தப் பணத்தை வரைபடத்துக்கும் நல்ல மரத்துக்கும் செலவிடுவது மேல். விக்டரியையும் இப்போது விட்டுவிடுங்கள். அதன் கீழ்ப்பீரங்கித் தளம் மட்டும் 186 அடி; 1/72 அளவில் செய்தாலும் உடற்பகுதியே 79 சென்டிமீட்டர், அணியத்திலிருந்து முன்னே நீளும் முன்கோலும் பாய்மரமும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்ப் பெட்டி வேண்டும். 104 பீரங்கிகள் என்றால் பீரங்கியைத் தாங்கும் ஒரே சிறு வண்டியை நூற்றுக்கு மேற்பட்ட முறை செய்வது என்று பொருள். அதைத் தொடங்கியவர்களில் பலர் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருவன்.

குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களின் வெற்றித்தூணைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் டச்சுக் கம்பெனிக் கப்பலைச் செய்ய வேண்டும் என்று கேட்பதுண்டு. (தூண் நம்முடையது, தோல்விதான் அவர்களுடையது என்று ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்கிறது, இதோ நானே தவறாக எழுதிவிட்டேன்.) உயர்ந்து வளைந்த பின்பகுதியும் சிற்பங்களும் கொண்ட அந்தக் கப்பல்களும் முதல் வேலைக்கு ஏற்றவையல்ல.

பெரிய கப்பல்கள் தம்முடன் கொண்டுசென்ற துணைப்படகு ஒன்றை 1/24 அளவில் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. ஏழரை மீட்டர்ப் படகு அந்த அளவில் 31 சென்டிமீட்டர் வரும். ஒரே பாய்மரம், பத்துப் பலகை வரிசை, கைக்கு அடங்கும் அளவு. ஆனால் அணியத்தின் வளைவும் பலகைக் குறுக்கமும் பெரிய கப்பலில் உள்ளவையேதான். சுவீடனைச் சேர்ந்த சாப்மன் 1768-இல் வெளியிட்ட வணிகக் கப்பல் வரைபடத் தொகுப்பு காப்புரிமை கடந்த பொதுச்சொத்து, சிறு கலங்களும் அதில் உண்டு. நம் கரையின் கலங்களைச் செய்ய விரும்பினால், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் 1840-களில் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள கலங்களைப் பற்றி வெளியிட்ட பெருந்தொகுப்பில் சோழமண்டலக் கரையின் தோணியும் மலபார்க் கலங்களும் அளவோடு வரையப்பட்டிருக்கின்றன. கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பலைக் கட்டும் மேஸ்திரிகள் காகிதமே இல்லாமல் மனக்கணக்கில் கட்டுவதைக் கண்டு மலைத்துப்போய், அப்படியே நாமும் செய்யலாமே என்று ஒருமுறை முயன்றேன். தலைமுறைப் பழக்கம் இல்லாதவனுக்கு அது வராது.

வரைபடத்தில் ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதிலுள்ள கோடு பலகையின் வெளிப்பக்கமா, சட்டத்தின் வெளிப்பக்கமா? பலகையின் வெளிப்பக்கம் என்றால் உங்கள் பலகையின் கனத்தைக் கழித்தே தட்டுகளை வெட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் படகு இருபுறமும் பருத்துவிடும்.

கயிறு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது உங்களுக்கு இன்னும் ஓராண்டுக்கு வேண்டியதில்லை. பழைய ஆங்கில நூல்களில் கயிற்றின் அளவு சுற்றளவாகத் தரப்பட்டிருக்கும், குறுக்களவாக அல்ல. 18 அங்குலக் கயிறு என்றால் குறுக்களவு ஏறக்குறைய ஐந்தே முக்கால் அங்குலம். 1/48 அளவில் மூன்று மில்லிமீட்டர். இதைக் கவனிக்காதவர்களின் கப்பலில் கயிறெல்லாம் வடமாகத் தொங்கும். கடையில் கிடைக்கும் நூலைவிட நீங்களே முறுக்கிய கயிறு அழகாக இருக்கும். ஈத்தாமொழிப் பக்கம் தென்னைநாரைக் கயிறாக்கும் ராட்டைப் பார்த்திருந்தால் முறை தெரியும்: மூன்று புரிகளை ஒரு திசையில் முறுக்கி, மூன்று பள்ளமிட்ட கட்டை ஒன்று அவற்றைப் பிரித்து வைத்திருக்க, எதிர்த்திசையில் சேர்த்து முறுக்குவது. அதையே மேசைமேல் சிறு மோட்டார் ஒன்றால் செய்துகொள்ளலாம். பருத்தியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். மீன்வலைக் கடை நைலான் வேண்டாம், அது பளபளக்கும், நாளடைவில் தொய்யும். பாய்மரத்தை நிலையாகத் தாங்கும் கயிறுகள் தார் பூசியவை என்பதால் கருமையாகவும், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் நார்நிறத்திலும் இருக்க வேண்டும்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 11 எண் அறுவைக் கத்தி, கையளவு இழைப்புளி, நூல்வாள், அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள துளைப்பான் அலகுகள், ஓர் எஃகு அளவுகோல், இரண்டு டஜன் துணிக்கிளிப் போதும். பலகைக்கு ஃபெவிகாலே ஏற்றது. ஃபெவிகுவிக் விரைவாகப் பிடிக்கும் என்றாலும் திருத்த நேரம் தராது, சிந்திய இடத்தில் பிறகு எண்ணெயோ வார்னிஷோ ஏறாமல் திட்டாக நிற்கும். முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது அடியில் இரண்டு காற்றுத் துளை விடுங்கள். முழுதாக மூடிய பெட்டியில் மரமும் பிளைவுட்டும் விடும் அமில ஆவி தேங்கி, ஈயத்தாலான பீரங்கியும் நங்கூரமும் வெண்பொடி பூத்து உதிர்ந்துவிடும்.

இந்த மழைக்காலம் முடிவதற்குள் வெட்பாலைத் தகடுகளை அறுத்து அடுக்கிவிடுங்கள். அது காயும் ஓராண்டில் பிளைவுட்டில் தட்டுகளை வெட்டி, ஏராவில் நிறுத்தி, விளிம்பைச் சீவிப் பழகலாம். முதல் பலகையை ஒட்டுவதற்கு முன் அந்த எலும்புக்கூட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாறசாலையில் ரயிலேறிக் குழித்துறைக்கு வாருங்கள், முடிந்தால் தந்தையையும் அழைத்து வாருங்கள். ரீப்பர் என்னிடம் இருக்கிறது.